ஐந்நூறு கிலோபைட் குடும்பம்

அனும்சோ ஊரில் பெதியாக்கோவின் குடும்பம் இருக்கிறது என்பது ஆற்றுக்குத் தெரியும், ஆற்றங்கரைக் கோகோ மரங்களுக்குத் தெரியும், பக்கத்து ஊர்ப் பகையாளிகளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் இருந்தது குடும்பநில எண்ம ஆணையத்துக்கு மட்டும்தான்.

அந்த ஆணையம் ஒலிபெருக்கி வண்டி அனுப்பித் தன் அறியாமையை ஊரறியச் சொன்னது. மாதக் கடைசி வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தன் இணையதளத்தில் பதிந்துகொள்ளாத குடும்பங்கள் இல்லாத குடும்பங்களாகக் கருதப்படும். இல்லாதவர்களின் நிலம் இருப்பவர்களுக்குக் குத்தகைக்கு விடப்படும். இருப்பவர்கள் யார் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயமில்லை. மாளிகை வீடுகள் கட்டி விற்கும் கம்பெனி ஒன்று, பெதியாக்கோ குடும்பத்தின் நாற்பத்திரண்டு ஏக்கர் கோகோத் தோட்டத்தில் நான்கு மூலைக்கும் சிவப்புச் சாயம் பூசிய கல் நட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது.

பதிவுக்கு வேண்டியது ஒரே ஒரு புகைப்படம். அதற்கு விதிகள் பதினொன்று. குடும்பத்துப் பெரியவர்கள் அனைவரும் முகம் தெளியத் தெரியவேண்டும் என்றது மூன்றாம் விதி. படத்தைச் சுருக்கக் கூடாது, சுருக்கிய படம் திருத்திய படம், திருத்திய படம் மோசடி என்றது ஐந்தாம் விதி. படத்தில் உள்ள குடும்பத் தலைவர் பதவிக்குரிய முழு உடையில் இருக்கவேண்டும் என்றது ஏழாம் விதி.

குடும்பத் தலைவர் என்ற மரியாதையில் ஊரார் 'நானா' என்று அழைக்கும் பெதியாக்கோவுக்கு ஏழாம் விதி மிகவும் பிடித்திருந்தது. எழுபத்தோரு வயதில் நாற்காலியின் முதுகு அவர் முதுகைத் தொட்டதில்லை. பதவிக்குரிய உடை என்றால் அவருக்கு அட்வினாசா. நெசவாளி தனக்குத் தெரிந்த பூவேலை அத்தனையும் இட்டு, விரல் வைக்க வெற்றிடம் விடாமல் நெய்த கென்டேத் துணி அது. மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று ஒரு சாண் துணியில் நூறு கட்டம். நான்கு தலைவர்கள் தோளில் கிடந்துவிட்டு அவர் தோளுக்கு வந்தது. அதைப் போர்த்திக்கொண்டு அவர் நடுவில் உட்கார, தேவாலயம் முடிந்து வந்த பெரியவர்கள் முப்பது பேர் பூப்போட்ட துணிகளில் சுற்றி நிற்க, படம் எடுக்கப்பட்டது. கண் மூடியிருந்தவர் ஒருவரும் இல்லை. கண் மூடினால் காலால் மிதிப்பேன் என்று அவருடைய அக்கா அச்சியா முன்பே சொல்லியிருந்தாள்.

படத்தை ஏற்றும் வேலை போர்ஷியாவுடையது. 'கடவுளின் நேரமே நல்ல நேரம் இணைய நிலையம்' அவளுடையது. நிலையத்தில் கடவுளின் நேரமே நடந்தது. நீலக் கோடு ஒன்று திரையில் எறும்புபோல ஊர்ந்து, நாற்பது நிமிடம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. பிறகு திரை சிவந்தது. 'பிழை 413' என்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"இது என்னம்மா?" என்றார் பெதியாக்கோ.

"தெரியல நானா. படத்த முழுசா வாங்கிக்கிச்சு. அப்புறந்தான் வேணாங்குது."

"ஒரு சட்டி ஃபுஃபுக் களியையும் தின்னு முடிச்சு, கைய நக்கிட்டு, அப்புறம் 'எனக்கு வேணாம்'னு சொல்ற விருந்தாளி உண்டா?"

"என் நாத்தனார் இருக்கா" என்றாள் போர்ஷியா.

எங்கள் பக்கத்தில் குடும்பத் தலைவர் அயலாரிடம் நேரடியாக வாய் திறப்பதில்லை. அவர் சொல்வதை, அவருக்கு வாயாக இருக்கும் ஒச்சியாமே வாங்கி, தேன் தடவி, உரியவரிடம் சேர்ப்பான். பெதியாக்கோவின் ஒச்சியாமே துமாசி. படித்தவன் என்று பெயர், ஏனென்றால் மூக்குக்கண்ணாடி அவனிடம்தான் இருந்தது. அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"இது வரிசை எண் பெரியவரே. குமாசி ஆபீசுக்கு நேர்ல வரச் சொல்றாங்க. நம்ம முறை நானூத்திப் பதிமூணு."

"அப்படித் தெளிவாச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் பெதியாக்கோ. அவர் மனம் ஆறியது. வரிசை என்பது அவருக்குப் புரிந்த விஷயம்.

செவ்வாயன்று இருவரும், மரியாதைக்கு ஒரு புட்டி ஷ்னாப்ஸ் மதுவோடு, குமாசி நகரத்து அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பலகையில் எண்கள் மாறின. நண்பகலுக்கு அறுபத்துநான்கு வந்தது. பெதியாக்கோ பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரும் ஒரு புட்டியை மடியில் வைத்திருந்தார்.

"உங்க எண் என்ன?" என்று துமாசி அவரைக் கேட்டான்.

"நானூத்திப் பதிமூணு."

"இருக்காது. அது எங்க எண்."

"யோவ், நான் நேத்து ராத்திரியே வந்துட்டேன்யா!"

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார். "என்ன, நானூத்திப் பதிமூணா? அது எனக்குக் கொடுத்தது."

பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். தூணோரமிருந்து இருவர் எழுந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் கூடத்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள், எல்லாம் நானூற்றுப் பதின்மூன்று. இருப்பதில் மூத்த குடும்பத்துக்கே எண் சொந்தம் என்று ஒருவர் சொல்ல, எது மூத்தது என்பதில் இரண்டு புட்டிகள் உடைந்தன. பிறகு பெரியவர்கள் பெரியவர்கள்போல நடந்துகொண்டார்கள். ஜெபம் சொல்லி, நானூற்றுப் பதின்மூன்றார் நலச்சங்கம் ஒன்றைத் தொடங்கி, தலைவர், துணைத்தலைவர், இரங்கல் குழு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இரங்கல் குழு எதற்கு என்று ஒருவர் கேட்டார். இங்கே காத்திருக்கும்போது யாராவது போய்விட்டால் என்று விளக்கம் தரப்பட்டது. பெதியாக்கோ துணைத்தலைவரானார். தலைவராகியிருப்பார், ஆனால் அவருக்கு எதிரே நின்றவருக்குப் பல் இல்லை. அதை வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் முதல் தூதாக அவரும் துமாசியும் மூன்றாம் சன்னலுக்குப் போனார்கள். சன்னலுக்குள் மேடம் லொரெட்டா இருந்தார்.

பெதியாக்கோ துமாசியின் காதில் முணுமுணுத்தார். துமாசி குரலை உயர்த்தினான்: "ஆற்றங்கரையின் ஆலமரம், எதிரிகள் இலை எண்ணித் தோற்ற மரம், பெதியாக்கோ தன் நிழலோடு வந்திருக்கிறார். கேட்கிறார்: எங்கள் முகத்தை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?"

மேடம் லொரெட்டா பெதியாக்கோவைப் பார்க்கவில்லை. துமாசியையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "சிஸ்டம் பெருசுன்னு சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க அம்மா?" என்றான் துமாசி.

"நான் எதுவும் சொல்றதில்ல. சிஸ்டந்தான் சொல்லும்."

பெதியாக்கோவுக்கு அந்த அம்மாள்மேல் மதிப்பு வந்தது. இவர்களும் ஒச்சியாமே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒச்சியாமே என்றால் கசப்பை இனிப்பாக்க வேண்டும். இவர்களுடையது கசப்பையும் எண்ணாக்கித் துப்புகிறது. பேசக் கற்றுக்கொடுக்காமல் வளர்த்த பிள்ளை.

"அந்த 413 வரிசை எண் இல்ல" என்றார் மேடம் லொரெட்டா. "கோப்பு அளவு மீறிப்போச்சுன்னு அர்த்தம். ஐந்நூறு கிலோபைட்டுக்குள்ள இருக்கணும். உங்களோடது ஆறாயிரம்."

"அத முதல்லயே சொல்லலாமே" என்றான் துமாசி. "நாப்பது நிமிஷம் வாங்கிட்டு அப்புறமா சொல்றது?"

"முழுசா வந்தாத்தான அளவு தெரியும்? ஒருத்தர் வாசல்ல நுழைஞ்சாத்தான உயரம்னு தெரியும்?"

"வாசல்லயே குனியச் சொல்லுவோம் அம்மா, நாங்க."

மேடம் லொரெட்டா இதற்கும் திரையைப் பார்த்தார். சிஸ்டம் ஒன்றும் சொல்லவில்லை. துமாசி ஷ்னாப்ஸ் புட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்தான். அவர் அதைப் பேனாவால் மெல்லத் திருப்பித் தள்ளினார். "இது இணைப்பு. இணைப்பையெல்லாம் இங்க வாங்குறதில்ல. இணையதளத்துலதான் ஏத்தணும்."

கூடத்தில் சத்தம் பெருத்ததால் இயக்குநர் டாக்டர் ஆம்பொன்சா தாமே இறங்கி வந்தார். துணைத்தலைவரையும் அவர் வாயையும் தம் அறைக்குள் அழைத்துப்போனார். அறைக்கு அப்பால் கண்ணாடிச் சுவர். சுவருக்கு அப்பால், குளிரூட்டிய பெரிய கூடத்தில், கறுப்பு அலமாரிகள் வரிசையாக நின்று பச்சை விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"பாருங்க நானா" என்றார் டாக்டர் ஆம்பொன்சா. அவர் குரலில் பிள்ளை பெற்றவரின் பெருமிதம் இருந்தது. "நாட்டுல இருக்கிற அத்தன குடும்பத்தோட படத்தையும் நூறு வருஷத்துக்கு இதுல வைக்கலாம். தொடங்கிப் பதினெட்டு மாசம் ஆச்சு. எவ்வளவு நிரம்பியிருக்கு, சொல்லுங்க?"

பெதியாக்கோ முணுமுணுத்தார். துமாசி, "பாதி?" என்றான்.

"நூத்துல ஒண்ணுகூட இல்ல! தணிக்கைக்காரங்க வந்து பாத்துட்டு அசந்துட்டாங்க. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற ஆபீஸ் வேற இல்லன்னு எழுதிட்டுப் போனாங்க. எல்லாம் அந்த வரம்பால வந்தது. வரம்ப எடுத்துட்டா என்ன ஆகும்? மக்கள் எல்லாத்தையும் அனுப்பிடுவாங்க. முழுப் பத்திரம், முழு வரைபடம், முழு உண்மை! அதையெல்லாம் யாரு படிக்கிறது? நாங்க மொத்தம் நாலு பேரு. அதுல ரெண்டு பேரு எப்பவும் பயிற்சிக்குப் போயிருப்பாங்க."

"அந்த ஐந்நூறுங்கிறது யார் வச்ச கணக்குன்னு தலைவர் கேக்கிறார்" என்றான் துமாசி.

"ஆராய்ச்சி நானா, ஆராய்ச்சி. இதச் செஞ்ச வெளிநாட்டு நிபுணர் சோதனைக்காகத் தன் பூனையோட படத்த ஏத்திப் பாத்தார். நானூத்தித் தொண்ணூறு வந்துச்சு. எண் முழுசா இருக்கட்டுமேன்னு நான்தான் ஐந்நூறாக்கினேன்." இங்கே அவர் தலை சற்றுத் தாழ்ந்தது, அடக்கத்தால்.

பெதியாக்கோ ஒச்சியாமேயை மறந்தார். "ஒரு பூனைக்கு நானூத்தித் தொண்ணூறு. என் குடும்பத்துக்கு அதவிடப் பத்துதான் கூடவா?"

"அது நல்ல இனப் பூனை நானா" என்றார் டாக்டர் ஆம்பொன்சா. "ஒண்ணு பண்ணுங்க, ஆளக் குறைங்க."

புதனன்று குடும்பம் கூடியது. வெள்ளிக்கு இரண்டு நாள். பெதியாக்கோ நிமிர்ந்து உட்கார்ந்து, யாரைக் குறைப்பது என்று கேட்டார். நாற்பத்திரண்டு ஏக்கருக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர்கள் ஒருவரும் முகத்தைக் கொடுக்க முன்வரவில்லை.

"துவோமோவ எடுத்துருங்க" என்றாள் அச்சியா. "அவன் தாடியே ஒரு ஆள் இருக்கும்."

"எடு, எடு! உன் தலைத்துணிக்குள்ள ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்கலாம். அத முதல்ல எடு!" என்றார் துவோமோ.

பெதியாக்கோ தீர்ப்புச் சொன்னார். தாடி வைத்தவர்கள் வெளியே. ஊன்றுகோல்கள் வெளியே. ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையரில் ஒருவர் போதும். அந்த ஒருவர் யார் என்பதில் அறுபது வருடம் ஒரே தட்டில் உண்ட சகோதரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முப்பத்தொருவர் பத்தொன்பதானார்கள். போர்ஷியா படம் எடுத்தாள். ஐயாயிரத்து எண்ணூறு. நாள் முழுக்கக் குடும்பத்தை அறுத்தும் இருநூறுதான் குறைந்திருந்தது.

வியாழன் காலையில் போர்ஷியா தானே வந்தாள். "நானா, ராத்திரி முழுக்க ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். ஆளுக இல்ல பிரச்சன. துணி."

"துணியா?"

"வெள்ளச் சுவர எடுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி சின்னதா வருது. பூப்போட்ட துணிய எடுத்தா பெருசா ஊதிப்போகுது. ஒவ்வொரு பூவையும் அது குறிச்சு வச்சுக்கணுமில்ல? வெறும் வெள்ளைன்னா, 'இங்கேருந்து அங்க வரைக்கும் வெள்ள'ன்னு ஒரே வரில முடிச்சிரும்."

வெட்டப்பட்டவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். சிலர் வந்தார்கள், சிலரை அழைத்துவரப் போனவர்களும் உடனே திரும்பவில்லை, சமாதானம் பேசவேண்டியிருந்தது. இரட்டையர் இருவரும் வந்தார்கள், தனித்தனி வழியாக. வெள்ளிக்கிழமை மதியம் முப்பது பேரும் வெள்ளைத் துணியில், தேவாலயத்தின் வெள்ளைச் சுவரோரம் நின்றார்கள். பார்ப்பதற்கு உயிர்த்தெழுதல் நாள் போல இருந்தது. நடுவில் அட்வினாசா போர்த்திப் பெதியாக்கோ.

மூன்று மணிக்கு எடுத்த படம்: மூவாயிரத்து நூறு.

போர்ஷியா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "இவங்க முப்பது பேரும் சேந்து நானூத்திச் சொச்சம் நானா. மிச்சமெல்லாம்..." அவள் விரலை நீட்டவில்லை. நீட்டத் தேவையும் இருக்கவில்லை. முப்பது பேரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரும் வெள்ள கட்டிக்கட்டுமே" என்றார் துவோமோ, தாடிக்குள்ளிருந்து.

"ஏழாம் விதி" என்றார் பெதியாக்கோ. "நான் போட்ட விதி இல்ல. அவங்க போட்டது. தலைவன் முழு உடையில இருக்கணும். வெள்ளையோட நான் உட்காந்தா அது பொய்ப் படம். பொய்ப் படத்த அனுப்பி எங்க மாமன் வழி நிலத்தக் காப்பாத்தணுமா?"

துமாசி மேடம் லொரெட்டாவுக்குப் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டான். விசிறிச் சத்தத்தினூடே அவர் குரல் வந்தது: "ஏழாம் விதிய ஒழுங்காப் படிங்க. 'படத்தில் உள்ள தலைவர்'னு இருக்கு. படத்துல தலைவர் இல்லேன்னா ஏழாம் விதியும் இல்ல."

"தலைவன் இல்லாத குடும்பமா அம்மா? சிஸ்டம் கேக்காதா?"

"சிஸ்டம் தலைவரக் கேக்காது. அளவத்தான் கேக்கும்."

மூன்றே முக்கால். அப்பால் ஆற்றங்கரைப் பக்கம் கம்பெனி ஜீப் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அச்சியா தன் தம்பியின் அருகில் வந்து குனிந்தாள்.

"உன்னத் துணியக் கழட்டச் சொல்லலடா. துணியோட எழுந்து போன்னு சொல்றேன்."

"எங்க போறது?"

"கேமராவுக்குப் பின்னால."

"அக்கா, தலைவன் இல்லாம எடுத்த படத்தப் பாத்து நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"கல்ல நட்டவன் நாளைக்கு என்ன சொல்லுவான்னு கேளு முதல்ல."

பெதியாக்கோ புதனன்று நாள் முழுக்க ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பியவர். தாடியை அனுப்பினார், கோலை அனுப்பினார், இரட்டையரைப் பிரித்தார். யார் கூடுதல் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அவர் சட்டென்று விடை சொல்லியிருந்தார்.  இப்போது துணியை இடது தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார். யாரும் கைகொடுக்கத் துணியவில்லை. நேராக நடந்து, கேமராவுக்குப் பின்னால் போய், போர்ஷியாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

நடு நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலியோடு குடும்பப் படம் எடுப்பது இறந்தவருக்குச் செய்வது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். "அடச் சீ" என்று அச்சியா போய் அதில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடாதீங்க" என்றார் பெதியாக்கோ, கேமராவுக்குப் பின்னாலிருந்து. அது கட்டளையாகத்தான் வந்தது.

நானூற்றுத் தொண்ணூற்றாறு. கடைசி நேர நெரிசலில் நீலக் கோடு நாலு பத்துக்கு மெல்ல ஊரத் தொடங்கியது. நாலரைக்கு மின்சாரம் போனது. துவோமோவும் இரட்டையரும் சேர்ந்து ஜெனரேட்டரை இழுத்து இழுத்து உயிர்ப்பித்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரை பச்சையானது. 'வாழ்த்துகள். உங்கள் குடும்பம் இருக்கிறது' என்றது. நிலையத்தின் வாசலில் யாரோ பாடத் தொடங்கினார்கள்.

சான்றிதழ் அடுத்த புதனன்று வந்தது, நில அளவையாளரோடு. அவர் நல்ல மனிதர், வெயில் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்தார். தோட்டத்து முகப்பில் குடும்பமும், எதிரே ஜீப்பில் சாய்ந்தபடி கம்பெனி ஆளும் நின்றார்கள். அளவையாளர் காகிதத்தை உரக்கப் படித்தார்: "குடும்பத் தலைவர், நடு நாற்காலியில் அமர்ந்திருப்பவர், திருமதி அச்சியா."

"தப்பு" என்றான் துமாசி. "தலைவர் இவர்."

அளவையாளர் படத்தைப் பார்த்தார், பெதியாக்கோவைப் பார்த்தார், அட்வினாசாவைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "இவர் படத்துலயே இல்லையே. திருத்தம் வேணும்னா படிவம் இருக்கு ஐயா. தலைவர் முழு உடையில ஒரு படம் ஏத்தணும். நூறு கிலோபைட்டுக்குள்ள."

யாரும் சிரிக்கவில்லை. அச்சியா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

"எல்லைய ஆரம்பிக்கலாம்" என்றார் அளவையாளர். "விதிப்படி, படத்துல இருக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க. படத்துல இல்லாதவங்க தயவுசெஞ்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

முப்பது பேரும் பெதியாக்கோவைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். அவர்கள் உள்ளே போனார்கள். துவோமோ முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். இரட்டையர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சிவப்புக் கல் மண்ணோடு பெயர்ந்து கோகோச் சருகில் புரண்டது. எந்த மூலை அடுத்தது என்று அச்சியா கையை நீட்டிக் காட்டினாள். நன்றாகவே காட்டினாள்.

சாலையின் அந்தப் பக்கம் இரண்டே பேர். கம்பெனி ஆள் கொஞ்சம் நகர்ந்து பெதியாக்கோவுக்கு நிழலில் இடம் விட்டான்.

"பெரியவரே, உங்களையும் வெளிய போட்டுட்டாங்களா?"

துமாசி படத்தில் இருந்தவன், உள்ளே போயிருந்தான். பெதியாக்கோ தம் வாயாலேயே சொன்னார்.

"யாரும் போடல. நானே எழுந்து வந்தேன்."